ஐம்பத்திரண்டாம் கேள்வி

முப்பத்தெட்டு. சபாநாயகர் இப்போதுதான் முப்பத்தெட்டாம் கேள்வியைக் கூப்பிட்டார். மணி மூன்றாக இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது. என்னுடையது ஐம்பத்திரண்டு. மூன்றரை ஆனால் கேள்வி நேரம் முடிந்தது, அதற்குமேல் மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை, சாயங்காலம் ஒரு தாளில் தட்டச்சு செய்து என் பெயருக்கு அனுப்பிவைத்தால் போதும், அதை என்னையும் ஒரு குமாஸ்தாவையும் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. நடுவே பதினாலு கேள்வி, முப்பத்துநாலு நிமிஷம், வகுத்துப் பார்த்தால் கேள்விக்கு இரண்டரை நிமிஷம்கூட வரவில்லை. சுரங்கத்தில் பதினெட்டு வருஷம் நிலக்கரி வண்டிகளை எண்ணிய மனசு, எதைக் கண்டாலும் வகுக்கத்தான் செய்யும். முப்பத்தெட்டாம் கேள்வி கயிறு திரிக்கும் நாரைப் பற்றியது, ஆப்பிரிக்காவில் எங்கோ நார் விளைச்சல் ஏன் குறைந்தது என்று எதிர்க்கட்சியில் ஒருவர் கேட்கிறார், மந்திரி மழை என்கிறார், அவர் விடாமல் எழுந்து மழையா நிர்வாகமா என்கிறார், சிரிப்பு, இன்னொருவரும் எழுகிறார். உட்காருங்களய்யா. நார் எங்கேயும் ஓடிப்போகாது. இது எங்கள் கூடம்கூட இல்லை. எங்கள் மக்கள் சபைக் கூடத்தில் யுத்தத்தில் குண்டு விழுந்து எட்டு வருஷமாகிறது, இன்னும் கட்டி முடியவில்லை, அதுவரைக்கும் பிரபுக்கள் சபையின் கூடத்தை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சிவப்புத் தோல் ஆசனம், எங்கே பார்த்தாலும் தங்க முலாம். நாற்பத்தைந்தில் ஜெயித்து வந்ததிலிருந்து இதில்தான் உட்காருகிறேன், இன்றைக்கும் கூப்பிடாத கல்யாணத்தில் வந்து உட்கார்ந்தவன் மாதிரிதான் இருக்கிறது. முழங்காலில் விரித்துவைத்திருக்கும் நிகழ்ச்சித் தாள் வியர்வையில் நைந்துவிட்டது, மார்ச் மாதக் குளிரில் எனக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது வியர்வை. ஐம்பத்திரண்டு: திரு. எட்கர் ஹோல்ராய்ட், ஆயுதம் வைத்திருந்ததற்காக மலாயாவில் மரண தண்டனை விதிக்கப்பட்டுள்ள தோட்டத் தொழிற்சங்கச் செயலாளர் அங்கா மூட்டோ என்பவரின் வழக்கை மறுபடி பார்க்கச் சொல்வாரா என்று மந்திரியைக் கேட்க. மூட்டோ. நான் சரியாகத்தான் எழுதிக்கொடுத்தேன், அச்சில் இப்படி வந்துவிட்டது. அங்கமுத்து. ஒரு வாரமாக சவரம் செய்யும்போதெல்லாம் சொல்லிப் பழகியிருக்கிறேன். "யாரோட பேசிட்டிருக்க?" என்று மனைவி எடித் கதவைத் தட்டினாள். இப்போதுதான் உறைக்கிறது, பழகியிருக்கவே வேண்டாம். எழுந்து "ஐம்பத்திரண்டு, ஐயா" என்று எண்ணைச் சொன்னால் போதும், அதுதான் முறை, ஒரு மனுஷனின் பெயரைச் சொல்லாமலேயே அவன் உயிரைக் கேட்டுவிடலாம். முப்பத்தொன்பது. மணி மூன்று.

பச்சைச் சீட்டு வந்தது மூன்று வாரத்துக்கு முன்னால். வெளியே நடுக்கூடத்தில் வந்து நிற்கிற யாரும் ஒரு பச்சைச் சீட்டில் தன் பெயரையும் உறுப்பினர் பெயரையும் எழுதிக் காவலரிடம் கொடுக்கலாம், உறுப்பினருக்கு மனசிருந்தால் எழுந்து போய்ப் பார்ப்பார். பெயர் நல்லதம்பி என்று இருந்தது, காரணம் என்ற இடத்தில் 'ஓர் உயிர்' என்று இருந்தது. வேறு எதுவும் எழுதியிருந்தால் போயிருக்கமாட்டேனோ என்னமோ, அன்றைக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு. மலாயாவிலிருந்து சட்டம் படிக்க வந்த பையன், பையன் என்ன, இருபத்துநாலு வயசிருக்கும், மெலிந்த உடம்பு, யாரோ தடிமனான ஆளுக்குத் தைத்த கோட்டு. அப்பா ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுபவராம். அந்தத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு சங்கம் வைத்தவர் இந்த அங்கமுத்து. போன ஜூனில் கலவரம் என்று சொல்லி சங்கங்களையெல்லாம் மூடினார்கள், ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று அவசரச் சட்டம் வந்தது, நவம்பரில் ஒரு சோதனைச் சாவடியில் அங்கமுத்துவின் சைக்கிளில் தொங்கிய பையில் ஒரு கைத்துப்பாக்கி. பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி யாரோ கொடுத்த பை, உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்று கோர்ட்டில் சொன்னார். வயசு முப்பத்தொன்று. மனைவி பாக்கியம், இரண்டு பிள்ளைகள். "பதினோரு உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினேன் சார். யாருகிட்டேயிருந்தும் பதில் வரலை. நீங்க சங்கச் செயலாளரா இருந்தவர்னு ஒரு பழைய பத்திரிகையில் படிச்சேன்" என்றார் நல்லதம்பி. அவர் வேறெதையும் படித்திருக்க முடியாது. மற்றது எதிலும் அச்சாகவில்லை. கேள்வி எழுதிக்கொடுத்தேன், போன புதன்கிழமைக்குப் போட்டார்கள், அன்றைக்கு எண் இருபத்தொன்பது, கண்டிப்பாக வந்திருக்கும். அன்று மத்தியானம் தேநீர் அறையில் துணை மந்திரி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். நாலு வருஷத்தில் அவர் என் மேஜைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. "ஹோல்ராய்ட், அந்த மலாயா விஷயம். கருணை மனு அங்கே சுல்தான் கையிலே இருக்கு. இந்த நேரத்தில் இங்கேயிருந்து சத்தம் போட்டா அங்கே முறைச்சுக்குவாங்க. ஒரு வாரம் பொறுங்களேன்." குரலில் எரிச்சல் இல்லை, வேண்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. எனக்குச் சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்திவைத்தார். ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாதே என்று கேட்டேன். "ஆகக்கூடாதுன்னுதானே நாங்களும் பார்க்கிறோம்" என்றார். ஆகாது என்று அவர் சொல்லவில்லை, ஆகக்கூடாது என்றுதான் சொன்னார், இதை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும், சுரங்க முதலாளிகளோடு எத்தனை பேச்சுவார்த்தையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு நாலு மணி நேரம் தொங்கியிருக்கிறேன், அன்றைக்கு மட்டும் காது அடைத்துப்போயிற்று. கேள்விகளை வாங்கிப் பட்டியல் போடுகிற மேஜை அலுவலகத்துக்குப் போய் ஒரு வாரம் தள்ளிவைக்கிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். சத்தியமாகச் சொன்னால், நெஞ்சில் ஒரு லேசு. அப்பாடா, இன்றைக்கு எழுந்து நிற்க வேண்டாம் என்று.

நாற்பத்தொன்று. மூன்று ஐந்து. ஒரு தீவின் பாலம். பாலத்தைப் பற்றிப் பேசுகிறவருக்கு அவசரமே இல்லை, அந்தப் பாலத்தில் அவரே நடந்துபோகிற மாதிரி பேசுகிறார். நான் ஏன் கடிகாரத்தையே பார்க்கிறேன். நேரம் போதாமல் போய்விடுமோ என்ற பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இது முழுக்க உண்மையா எட்கர். அந்தப் பாலத்துக்காரர் இன்னும் இரண்டு துணைக்கேள்வி கேட்கட்டும், நாற்பத்திரண்டில் ஒரு சண்டை வரட்டும், ஐம்பது வரும்போது மூன்றரை அடிக்கட்டும், நான் முயற்சி பண்ணினேன், முறை வரவில்லை, என் குற்றமா என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஓர் ஓரத்தில் ஒருத்தன் உட்கார்ந்து காத்திருக்கிறான். அவனுக்கு மிஸஸ் டட்டனைக் கண்டால் பயம். என் தொகுதி ஹார்க்ராஃப்டில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவள் மகன் பத்தொன்பது வயசு, கட்டாய ராணுவ சேவை, மலாயாவுக்கு அனுப்பினார்கள், ஜனவரியில் ஒரு வளைவில் லாரி மேல் சுட்டார்கள், நாலு பேர் போனார்கள், அவன் மூன்றாவது. தேவாலயத்தில் நினைவுப் பிரார்த்தனை. உடல் வரவில்லை, அங்கேயே புதைத்துவிட்டார்கள், அதனால் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேஜை போட்டு அவன் கால்பந்து அணிப் படத்தை வைத்திருந்தார்கள். முடிந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், தறி ஓட்டிக் காய்த்த கை. "மிஸ்டர் ஹோல்ராய்ட், நீங்க அங்க லண்டன்ல இருக்கீங்க. என் பிள்ளை அங்க எதுக்குப் போனான்னு நீங்க சொன்னா நான் கேட்டுக்கிறேன்." கிண்டல் இல்லை அதில். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் என்ன சொன்னேன். எல்லாரும் பெருமைப்படுகிறோம் என்றோ என்னமோ சொன்னேன். அவள் தலையாட்டினாள், கையை விட்டாள், ஒரு கடைக்காரனிடம் சாமான் இல்லை என்று தெரிந்ததும் விடுகிற மாதிரி. நாளைக்கு உள்ளூர்ப் பேப்பரில் வரும், மலாயா துப்பாக்கிக்காரனுக்காக நம்ம ஊர் உறுப்பினர் வாதாடினார் என்று. அவள் அதைப் படிப்பாள். பேப்பரை மடிப்பாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள், அதுதான் தாங்காது. போன தேர்தலில் அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தவன் நான், ஆனால் ஓட்டைப் பற்றி இல்லை இது, ஓட்டைப் பற்றியும்தான். கட்சிக் கமிட்டித் தலைவர் எழுதியிருக்கிறார், வீடு இல்லாமல் இருநூறு குடும்பம் இருக்கிறது, அதைக் கேள், மலாயா நமக்கு எதற்கு என்று. நியாயம். நாலு வருஷத்தில் பதினோரு தடவை எழுந்து பேசியிருக்கிறேன், எட்டுத் தடவை வீடு, இரண்டு தடவை சாக்கடை, ஒரு தடவை நிலக்கரித் தூசி நோய். எதிலும் கடிகாரத்தை இப்படிப் பார்த்ததில்லை.

நாற்பத்துநாலு. மூன்று பதினாலு. தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதம் வருகிறது, கை மாறிக் கை மாறி, மடித்தது, மேலே ஈ.ஹெச். என்று இருக்கிறது. கட்சிக் கொறடா பிட்ஃபோர்ட் கூடத்தின் கோடியில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், காகிதம் எழுதின ஆளுக்கு உரிய நிற்பு. 'இன்றைக்கும் தள்ளிவைக்க முடிந்தால் மந்திரிக்கு உபகாரமாக இருக்கும். வருகிற மாதம் சில மாற்றங்கள் பேச்சில் இருக்கின்றன. உங்கள் பெயரும் அடிபடுகிறது.' என் பெயர் அடிபடுகிறது. ஒரு மந்திரிக்குப் பின்னால் உட்கார்ந்து பெட்டியைத் தூக்கிக் கொடுக்கிற வேலையாக இருக்கும், சம்பளம்கூடக் கிடையாது, ஆனால் ஹார்க்ராஃப்டில் அதைப் பெரிதாக நினைப்பார்கள், எடித் புதுக் கோட்டு வாங்கிக்கொள்வாள், கூப்பன் இல்லாமல் துணி எடுக்கலாம் என்று இந்த மாதம்தானே விட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் தள்ளிவைக்க முடிந்தால். ஏன் இன்றைக்கும். ஒரு வாரம் என்றால் ஒரு வாரம் தானே. நான் இப்போது எழுந்து வெளியே போய்விட்டால் போதும், ஐம்பத்திரண்டைக் கூப்பிடும்போது ஆசனம் காலியாக இருக்கும், சபாநாயகர் ஐம்பத்துமூன்றுக்குப் போய்விடுவார். அந்த மனுஷன் குற்றவாளியாகவும் இருக்கலாமே என்று பிட்ஃபோர்ட் நேற்று நடைவழியில் சொன்னார். "பையில் என்ன இருந்ததுன்னு தெரியாதாம். நீங்க நம்புறீங்களா ஹோல்ராய்ட்?" பிட்ஃபோர்டுக்குத் தெரியாது அந்தக் கேள்வி எங்கே போய்க் குத்தியது என்று. இருபத்தாறாம் வருஷம், கதவடைப்பு ஆறாவது மாதம். நான் சுரங்கச் சங்கத்துக்குச் செயலாளர், தேவாலயத்துப் பின்கட்டில் ஒரு அறைதான் எங்கள் அலுவலகம். மேஜைக்கு அடியில் ஒரு தோல் பை. அதில் சுரங்கத்து வெடிக்குச்சி பதினாறு. போலீஸ் சார்ஜண்ட் ஐசக் ப்ரூம் உள்ளே வந்தார், தொப்பியைக் கழற்றினார், நாற்காலியை இழுத்துப் போடும்போது அவர் பூட்ஸ் அந்தப் பையில் இடித்தது. குனிந்து பார்த்தார். வாய் திறந்த பை. நிமிர்ந்தார். நான் அவருக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் தன் கோப்பையை முழுக்கக் குடித்து முடித்தார். "எட்கர், மழை வரும் போலிருக்கு. அந்தப் பையை எடுத்துக்கிட்டுப் பழைய கல்குவாரிப் பக்கம் ஒரு நடை போயிட்டு வா. தண்ணி ஆழமா இருக்கிற இடமாப் பார்த்துக்கோ" என்றார். அவ்வளவுதான். தண்டவாளத்துக்கு வைக்க வைத்திருந்தது என்று நிரூபித்திருந்தால் பத்து வருஷம் உள்ளே போயிருப்பேன். ப்ரூமின் தங்கையும் என் அக்காவும் ஒரே தறிக்கூடம், நான் பால் பல் விழுந்து நின்றதை அவர் பார்த்திருக்கிறார். என்னைத் தெரியும் அவருக்கு, அதனால் நான் தப்பினேன். அங்கமுத்துவின் சைக்கிளை நிறுத்திய ஆளுக்கு அங்கமுத்துவைத் தெரியாது. இத்தனையும் எடித்துக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன், சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன், எவன் வைத்தானோ அந்தப் பையை, எனக்கு ஒன்றுமே தெரியாது, ப்ரூம் பார்த்தபோதுதான் நானும் பார்த்தேன் என்று. இருபத்துமூன்று வருஷமாகச் சொல்கிறேன். தெரியும். இரண்டு நாளாகத் தெரியும். வைத்தவன் யாரென்றும் தெரியும், எதற்கென்றும் தெரியும், ராத்திரி சரக்கு ரயில் எத்தனை மணிக்கு வரும் என்றுகூட யோசித்திருந்தேன். வீட்டில் நிலக்கரி இல்லை, ரொட்டி இல்லை, தம்பி மகள் இருமி இருமிச் செத்தது அந்த வாரம்தான். தெரியாது என்ற சொல்லுக்குள் என்னவெல்லாம் இருக்க முடியும் என்று இந்தக் கூடத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அங்கமுத்துவுக்கும் தெரிந்திருக்கலாம். தெரிந்திருந்தால் என்ன. தெரிந்திருந்தால் தூக்கில் போடலாமா. தெரிந்திருந்த நான் இங்கே சிவப்புத் தோல்மேல் உட்கார்ந்திருக்கிறேனே.

நாற்பத்தேழுக்குரியவர் வரவில்லை. ஐயோ. நாற்பத்தெட்டையும் நாற்பத்தொன்பதையும் ஒரே ஆள் கேட்டிருக்கிறார், மந்திரி இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்கிறார். மூன்று இருபத்திரண்டு. எல்லாம் ஓடுகிறது இப்போது, சரிவில் பிரேக் விட்ட வண்டி மாதிரி. மேலே பார்வையாளர் மாடத்தில் நல்லதம்பி இருக்கிறார், நான்தான் சீட்டு வாங்கிக்கொடுத்தேன், இரண்டாவது வரிசை, தூணுக்குப் பக்கம், அந்தப் பெரிய கோட்டு. அங்கே யாரும் முன்னால் சாய்ந்து பார்க்கக்கூடாது என்று விதி, அவர் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்க்கிறாரா, மந்திரியைப் பார்க்கிறாரா. ஐம்பது. வாழைப்பழக் கப்பல். பிட்ஃபோர்ட் இப்போது கூரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார். புருவத்தைக் கொஞ்சம் உயர்த்துகிறார். எழுந்து போ என்றுகூட இல்லை அது, நாம் இருவரும் பெரிய மனுஷர்கள்தானே என்கிற புருவம். துணைக்கேள்வியை எழுதிவைத்திருக்கும் அட்டையை எடுக்கிறேன், மேல் சட்டைப் பையில் இல்லை, கோட்டுப் பையில் இருக்கிறது, கொறடாவின் காகிதமும் அதோடு சேர்ந்து வருகிறது, ஒன்றைப் பிரித்து ஒன்றை எடுக்க விரல் வரமாட்டேன் என்கிறது. அட்டையில் மூன்று வாக்கியம். கோர்ட்டில் ஜூரி இல்லை, நீதிபதியோடு கூட உட்கார்ந்த இரண்டு ஆலோசகர்களில் ஒருவர் தண்டனைக்கு ஒப்பவில்லை என்பது மந்திரிக்குத் தெரியுமா. சாவடியில் நின்று, இவரைப் போகவிடுங்கள் என்று காவலர்களிடம் சொன்ன சாட்சியை ஏன் கூப்பிடவில்லை. இந்த மனுஷன் சங்கம் வைத்ததைத் தவிர இதற்கு முன்னால் எந்தக் குற்றமாவது செய்திருக்கிறாரா. நல்லதம்பி சட்டப் பரீட்சைக்குப் படிக்கிற கவனத்தோடு எழுதிக்கொடுத்தது, நான் சுருக்கினேன். ஐம்பத்தொன்று. மூன்று இருபத்தாறு. ஐம்பத்தொன்றுக்காரருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, ஒரு வரியில் கேட்டு ஒரு வரியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். துணைக்கேள்வி கேளுங்களய்யா, ஒன்றே ஒன்று. இல்லை. கேட்காதீர்கள். "திரு. ஹோல்ராய்ட்." என்னைத்தான். முன்னால் இருக்கிறவரின் தலை கீழே போய்விட்டது, அப்படியானால் நான் எழுந்து நிற்கிறேன்.

"ஐம்பத்திரண்டு, ஐயா."

துணை மந்திரி எழுந்தார். கையில் ஒரு தாள். அதைப் பிரிக்கவில்லை, மேஜைமேல் வைத்தார், எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று, பதிலைப் படிக்கப்போகிறவர் தாளைப் பிடித்துக்கொள்வார்.

"மாண்புமிகு நண்பருக்கு வருத்தத்தோடு தெரிவிக்கிறேன். கருணை மனுவை ஆட்சியாளர் தம் ஆலோசனைக் குழுவோடு பரிசீலித்து நிராகரித்தார். தண்டனை இன்று காலை, அந்நாட்டு நேரப்படி, நிறைவேற்றப்பட்டது."

இன்று காலை. அங்கே இங்கேயைவிட ஏழரை மணி நேரம் முன்னால். இந்த மனசு வகுக்கிறதை நிறுத்தமாட்டேன் என்கிறதே. அங்கே விடிகாலை ஆறு என்றால் இங்கே நேற்று ராத்திரி பத்தரை, பத்தரைக்கு நான் எங்கே இருந்தேன், ஓட்டெடுப்பு நடைவழியில் வரிசையில் நின்றேன், வாய்க்கால் வடிகால் மசோதா, வாசலில் நின்றவர் தலையை எண்ணினார், நூற்றுத் தொண்ணூற்றேழாவது தலை நான், முன்னால் நின்றவர் ஏதோ வேடிக்கை சொன்னார், நான் சிரித்தேன். அட்டை கையில் இருக்கிறது. ஒருவர் ஒப்பவில்லை என்பது தெரியுமா. சாட்சியை ஏன் கூப்பிடவில்லை. மூன்று வாக்கியமும் உயிரோடு இருக்கிற ஆளுக்கு எழுதினது. கூடம் அமைதியாக இருந்தது, மரியாதைக்காக இருந்த அமைதி, நான் தலையைத் தாழ்த்தி உட்கார்ந்தால் எல்லாருக்கும் சௌகரியம் என்று சொன்ன அமைதி. பிட்ஃபோர்ட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறதா. யாருக்குத் தெரியும். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன், உட்காரவில்லை என்பதை சபாநாயகர் பார்த்தார். அட்டையில் இல்லாத வாக்கியம் ஒன்று என் வாயிலிருந்து வந்தது, என் குரல்தான், ஹார்க்ராஃப்ட் குரல், இங்கே வந்து நான் மெழுகித் தேய்த்துக்கொண்ட குரல் இல்லை.

"போன புதன்கிழமை இந்தக் கேள்வியைத் தள்ளிவைக்கச் சொல்லி துணை மந்திரி என்கிட்ட ஒரு வாரம் கேட்டார். நான் கொடுத்தேன். கேட்டப்போ இந்தத் தூக்குத் தேதி அவருக்குத் தெரியுமா?"

எங்கள் பக்கத்தில் முணுமுணுப்பு. எதிர்க்கட்சிப் பக்கத்தில் யாரோ "பதில், பதில்" என்றார்கள், அவர்களுக்கு இது கறிவிருந்து, அங்கமுத்துவைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமில்லை, என் கட்சிக்காரனை என் கையால் அவர்களுக்கு நான் அரிந்து கொடுக்கிறேன், இதையும் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். துணை மந்திரி எழுந்தபோது என் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம், ஒரே கணம், சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்திய ஆள் அங்கே இருந்தார். பிறகு இல்லை.

"அந்தக் கேள்விக்கு எனக்கு முன்னறிவிப்பு தேவை, ஐயா."

சபாநாயகர் ஐம்பத்துமூன்று என்றார். மணி இன்னும் மூன்றரை ஆகவில்லை. ஒன்றரை நிமிஷம் பாக்கி இருந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று சரியாகத் தெரியவில்லை. கூடத்தின் கதவருகே பிட்ஃபோர்ட் வழியில் நின்றார், திட்டப்போகிறார் என்று நினைத்தேன், "எனக்கும் தெரியாது ஹோல்ராய்ட். சத்தியமா" என்றார். இருக்கலாம். தெரியாது என்றால் என்னவென்று நான் யாரிடமும் கேட்கிற நிலையில் இல்லை. காகிதத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். நடுக்கூடத்தில் கல்தரை, எல்லாருடைய காலடியும் கேட்கும், அதில் மாடத்துப் படிக்கட்டிலிருந்து இறங்கி வருகிற காலடியைத் தனியாகக் கேட்டேன். நல்லதம்பி அழுதிருக்கவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், தோளைத் தொட்டிருப்பேன், ஏதாவது சொல்லியிருப்பேன். ஒரு பெஞ்சைக் காட்டினார், என்னை உட்கார வைத்தார். தானும் உட்கார்ந்து கோட்டின் உள்பையிலிருந்து நீல விமானத் தபால் தாள் ஒன்றை எடுத்து முழங்காலில் புத்தகத்தின்மேல் வைத்துக்கொண்டார்.

"அப்பாவுக்கு எழுதணும் சார். தந்தி அங்கமுத்து வீட்டுக்கு முன்னாடியே போயிருக்கும், இல்லேன்னா ஜெயில்லேர்ந்து ஆள் போயிருப்பாங்க. ஆனா இங்கே என்ன சொன்னாங்கன்னு பாக்கியம் அக்காவுக்கு அப்பா படிச்சுக் காட்டணும். மந்திரி சொன்னதை ஒரு தடவை சொல்றீங்களா? எனக்கு மேலேயிருந்து பாதிதான் கேட்டுது."

சொன்னேன். ஆட்சியாளர், ஆலோசனைக் குழு, நிராகரித்தார், அந்நாட்டு நேரப்படி. வருத்தத்தோடு என்ற சொல்லையும் விடாமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார், சுழித்துச் சுழித்துப் போகிற எழுத்து, எனக்கு ஒரு கோடுகூடப் புரியாத எழுத்து. கடைசியில் தாளிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அதுக்கப்புறம் நான் கேட்டதையும் எழுதுங்க" என்றேன்.

"அது வேண்டாம் சார்." தலை நிமிராமல் சொன்னார். "ஒரு வாரம் முன்னாடி கேட்டிருந்தாலும் அவங்க செய்யறதைச் செய்திருப்பாங்க. உங்களைத் தவிர யாரும் எழுந்து வந்ததுகூட இல்லை. அதை மட்டும் எழுதறேன்."

"கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் கேட்கலை. என்னை ஒருத்தர் மேஜைக்கு வந்து மதிச்சுக் கேட்டார், எனக்கு அது பிடிச்சிருந்தது, பயமாவும் இருந்தது, தள்ளிவச்சேன். அந்த அம்மாவுக்கு அது தெரியணும்."

"படிச்சா அவங்க உங்களைச் சபிப்பாங்க சார்."

"சபிக்கட்டும்."

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்கள் கூட்டத்துக்குக் காவலர் ஒருவர் சுவரிலிருந்த ஏதோ ராஜாவைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். நல்லதம்பி பேனாவைத் தாளில் மறுபடி வைத்தார். எனக்கு மிஸஸ் டட்டனுக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியது, பேப்பர் போய்ச் சேருவதற்கு முன்னால், இன்றைக்கே, அவள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியாது என்றாவது எழுத வேண்டும். அது ஒரு பதிலா. தெரியவில்லை.

"உங்க பேரோட எழுதட்டுமா?" என்றார்.

"பேரோட எழுதுங்க."

எழுதினார். அரைப் பக்கத்துக்கு மேல் வந்தது, நான் சொன்னது அவ்வளவு இல்லை, என்னவெல்லாம் சேர்த்தார் என்று கேட்கவில்லை. கடைசி வரியில் நிறுத்தி, மை உலரட்டும் என்று தாளைக் காற்றில் பிடித்தார்.

"படிங்க" என்றேன்.

"தமிழ்ல இருக்கு சார்."

"பரவாயில்லை. அந்த அம்மாவுக்குப் படிக்கிற மாதிரியே படிங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு படித்தார். நான் பெஞ்சில் கைகளைக் கோத்து உட்கார்ந்து கேட்டேன். ஒன்றும் புரியவில்லை. ஓடுகிற தண்ணீர் மாதிரி போய்க்கொண்டிருந்தது, நடுவில் ஓரிடத்தில், அவர் கொஞ்சம் தயங்கிய இடத்தில், ஹோல்ராய்ட் என்று ஒரு தடவை வந்தது.